சிவப்பு மையில் அடித்த பாட்டு

பல மதத்து ஞானிகளின் பக்திப் பாடல்களைத் தொகுத்த புத்தகம் அது. அச்சுக்குப் போகும் நேரத்தில் பதிப்பாளர் ஒரு பாட்டைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்திருந்தார். மெய்ப்புத் திருத்துகிறவள் அந்தத் தாளை அவர் மேஜைமேல் வைத்தாள்.

“யார் பாட்டா இருந்தாலும் புத்தகத்துலேருந்து எடுக்க மாட்டேன் சார்.”

“கதவைத் திற, இல்லேன்னா உடைப்பேன்னு கடவுளையே மிரட்டறான்! அவங்க ஆளுங்களுக்குத்தான் இவ்வளவு வாய்க்கொழுப்பு. அடுத்த பக்கத்தைப் பாரும்மா, நம்ம ஞானி எப்படி உருகறார்! படிச்சுட்டு அழுதுட்டேன்.”

“அப்போ என்னையும் சேர்த்து எடுத்துடுங்க.”

“வேலை போயிடும், ஜாக்கிரதை!”

“போகட்டும். பேரைப் பார்த்துத்தானே அடிச்சீங்க?”

“பின்னே? பக்கத்து உச்சியிலேயே போட்டிருக்கே!”

“இந்தப் புத்தகத்துல பாடினவர் பேரு பாட்டுக்குக் கீழேதான் வரும் சார். இடம் பத்தாம எல்லாப் பேரும் அடுத்த பக்கத்து உச்சிக்குப் போயிடுச்சு. நீங்க அடிச்ச பாட்டைப் பாடினவர் பேரு, நீங்க அழுத பக்கத்துல நிக்குது.”

பதிப்பாளர் அவசரமாகத் தாள்களைப் புரட்டினார். மிரட்டியவர் ‘நம்ம ஞானி’. அழவைத்தவர் ‘அவங்க ஆளு’.

அவள் சிவப்புப் பேனாவை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

“இப்போ சொல்லுங்க சார், யாரை அடிக்கணும்?”