இரண்டாவது செடி

மலையில் எஞ்சிய ஒற்றை நீலப்பூச் செடிக்காக மனிதகுலமே கண்ணீர் விட வேண்டும் என்று மேடையில் முழங்கினார் தாவரவியல் பேராசிரியர் மகிழ்நன். வீட்டில் அவர் கண்ணீர் விட்டதென்னவோ, அதற்குச் சக பேராசிரியர் தணிகாசலத்தின் பெயரைச் சூட்டிவிட்டார்களே என்றுதான்.

“இன்னொரு செடி இல்லாமலா போயிடும்? கண்டுபிடிச்சு அவன் மூக்கை உடைக்கிறேன் பாரு.”

“மலையே பாதிதாங்க இருக்கு. மீதியையும் ரிசார்ட்டுக்கு வெட்டுறாங்க,” என்றாள் மனைவி கமலவேணி.

ரிசார்ட்டுக்காகப் போட்ட புதுப் பாதையில், மலையின் பின்பக்கமாக ஏறினார். பாறையடியில் அதே நீலப் பூ! ஆதாரம் வேண்டுமே என்று வேரோடு பிடுங்கிச் செய்தித்தாளில் மடித்து எடுத்துவந்தார்.

“கடைசிச் செடியாம்! இப்ப மூஞ்சிய எங்க வச்சுக்குவான்?”

கமலவேணி வேர்மண்ணைக் கழுவினாள். தணிகாசலத்தின் பெயர் பொறித்த தகரப் பட்டை ஒன்று பாத்திரத்தில் விழுந்தது.