யார் பெயர் முதலில்?

"மைக்கைப் போடட்டுமா மேடம்? அவர் போயிட்டாருங்கறதை மனசுல வெச்சுக்கிட்டுப் பேசினாப் போதும்."

வினிஃப்ரெட் தலையசைத்தாள். அதைத்தானே காலையிலிருந்து மனத்தில் வைத்துக்கொண்டு தவிக்கிறாள்!

இப்போது எதிரே மைக்கோடு உட்கார்ந்திருக்கும் இந்த ஓவன்தான் காலையில் வானொலி நிலையத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். 'சர் மார்ட்டிமர் கிளேவுக்கு அஞ்சலி நிகழ்ச்சி தயார் பண்றோம். அவரோட ஏழு படத்துல ஜோடியா நடிச்சவங்க நீங்க...' அதற்குமேல் அவள் காதில் எதுவும் விழவில்லை. போட்ட தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. செய்தி கேட்க வானொலியைத் திருகக்கூடக் கை வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பிரைட்டன் கடற்கரையில் கடற்காகங்கள், ஒன்றுமே நடக்காததுபோலக் கத்திக்கொண்டிருந்தன.

"அவரோட பேசி ரொம்ப வருஷமாச்சு இல்லையா மேடம்?"

"முப்பது வருஷம். எல்லாம் ஒரு போஸ்டரால வந்த வினை. என் பேர்தான் முதல்ல வரணும்னு நான் நின்னேன், தன் பேர்தான்னு அவன் நின்னான். கடைசில அவன் பேரை இடது பக்கம் போட்டு, என் பேரை வலது பக்கம் ஒரு விரக்கடை உயர்த்திப் போட்டாங்க. அதுல அவனுக்கும் திருப்தியில்ல, எனக்கும் இல்ல."

ஓவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"சிரிக்காதே. 'திரையில உன் மூக்குதான் எப்பவும் முதல்ல வருதே வினி, பேரும் வேற வரணுமா'ன்னான். கையில இருந்த தேநீரை அப்படியே அவன் டோப்பாவுல கொட்டிட்டேன்."

"அப்புறம் சமாதானமே ஆகலையா?"

"யார் முதல்ல போன் பண்றதுன்னு அதுலயும் போட்டி! இந்தக் கிறிஸ்துமஸுக்கு நானே இறங்கி வந்துடலாம்னு இருந்தேன் தம்பி. பாவி, அதுக்குள்ள முந்திக்கிட்டான்..." கைக்குட்டையைத் தேடி எடுத்தாள். "மார்ட்டி, உன் பேரே முதல்ல இருந்துட்டுப் போகட்டும்டா. எனக்கு நீ இருந்தாப் போதும்டா."

கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள்.

ஓவன் மைக்கை அணைத்தான். பிறகு, அவள் திடுக்கிடும்படி, கைதட்டினான்.

"அபாரம் மேடம்! நடிப்புன்னா இதுல்ல நடிப்பு!"

"என்னது, நடிப்பா?"

"பின்னே? மத்தவங்கள்லாம் சம்பிரதாயத்துக்கு நாலு வார்த்தை சொல்லிட்டு எழுந்துடுவாங்க. உயிரோட இருக்கறவருக்காக இப்படி ஒருத்தர் அழுது நான் பார்த்ததே இல்ல."

அவள் கைக்குட்டையை இறக்கினாள். "உயிரோட... மார்ட்டி இருக்கானா?"

ஓவனுக்கு இப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்தான். "ஐயையோ! போன்லயே சொன்னேனே மேடம். எண்பதைத் தாண்டின பெரிய நடிகர்களுக்கு அஞ்சலியை முன்கூட்டியே பதிவு பண்ணி வெச்சுடறது எங்க வழக்கம். அவர் குத்துக்கல்லாட்டம் இருக்கார்!"

வினிஃப்ரெட் எழுந்த வேகத்தில் கைத்தடி உருண்டது. தடுமாறிப் போய் ரிசீவரைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அவன் நம்பரைச் சொல்லு. சீக்கிரம்!"

"தர்றேன் மேடம். நேத்துதான் அங்க போயிட்டு வந்தேன். உங்களைப் பத்திப் பேசறப்போ அவரும் இப்படித்தான் தேம்பித் தேம்பி அழுதார்."

டயலை நோக்கிப் போன அவள் விரல் அப்படியே நின்றது. "என்னைப் பத்தியா? என்னைப் பத்தி அவன் எதுக்கு உன்கிட்ட பேசணும்?"

ஓவன் ஒயரைச் சுருட்டியபடி தயங்கினான்.

"உங்களுக்கும் எண்பத்தொண்ணு ஆச்சே மேடம். பேசி முடிச்சதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார்: 'தம்பி, எங்க ரெண்டு பேர் அஞ்சலியில மட்டும் என் பேரே முதல்ல வரட்டும்.'"