மூன்று ஞாயிறு, நாலு ஓட்டை

"இதுவும் வேணாம்" என்று ஐந்தாவது டிரில்லிங் மெஷினையும் மேசைமேல் வைத்தான் அண்ணன்.

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்கு வந்து ஒரு மணி நேரமாகிறது. முதல் மெஷின் கனமாம். இரண்டாவதில் கனமே இல்லை, அதனால் சக்தி இருக்காதாம். மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வயர் குட்டை. சரி என்று நீள வயர் வைத்த நான்காவதை எடுத்துக் காட்டினால், இது காலில் சிக்கி நீ விழுந்து வைப்பாய் என்கிறான். ஐந்தாவதைப் பிளக்கில் செருகி, ஓடவிட்டு, காதுகிட்டே வைத்துக் கேட்டான்.

"சத்தம் சரியில்ல."

கடைக்காரர் பொறுமைசாலி. எதற்காக வாங்குகிறீர்கள் என்று இந்தத் தடவை அவளையே கேட்டார். அலமாரி மாட்ட, கண்ணாடி மாட்ட, வருஷத்துக்கு நாலைந்து ஓட்டை, அவ்வளவுதான் என்றாள். அப்படியென்றால் பேட்டரி மெஷின் பக்கமே போகாதீர்கள், சும்மா கிடந்தே பேட்டரி செத்துப்போகும் என்றார் அவர். வயர் வைத்ததே போதும். சுவருக்குத் தட்டித் துளைக்கிற வசதியும், மரத்துக்கு வேகத்தைக் குறைக்கிற விசையும் இருந்தால் காலத்துக்கும் உழைக்கும். சொல்லிக்கொண்டே மூன்றாவது மெஷினை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினார்.

"அவளுக்கு மெஷினைப் பிடிக்கவே தெரியாதுங்க" என்றான் அண்ணன், அவள் அங்கே இல்லாத மாதிரி.

இவனைக் கூட்டிக்கொண்டு வந்ததே தப்பு. வாங்கப் போகிறேன் என்று போனில் வாய்தவறி உளறியதுதான் அவள் செய்த முட்டாள்தனம். மறுநாள் காலை காபி ஆறுவதற்குள் வாசலில் வந்து நின்றுவிட்டான், பார்த்து வாங்கித் தருகிறேன் என்று.

சொந்தமாக மெஷின் வாங்கும் நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்தவனே அவன்தான். லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் நின்றுபோன லிஃப்ட்டை ஒரே மத்தியானத்தில் ஓட வைக்கிறவன், தங்கை வீட்டுத் திரைச்சீலைக் கம்பிக்கு நாலு ஓட்டை போட மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டான்.

முதல் ஞாயிறு அளவெடுத்தான், பென்சிலால் புள்ளி வைத்தான், சாப்பிட்டான், போனான். இரண்டாம் ஞாயிறு இரண்டு ஓட்டை போட்டதும் மெஷின் சூடாகிவிட்டது என்று அவள் மகளோடு சீட்டு விளையாட உட்கார்ந்தான். இருட்டும்வரை மெஷின் ஆறவில்லை. மூன்றாம் ஞாயிறுதான் கம்பி ஏறியது. அதுவரை ஜன்னலில் பழைய போர்வை தொங்கியது. எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, வீடு காலி பண்ணுகிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

இதையெல்லாம் அண்ணியிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொள்ளவும் வழியில்லை. அண்ணிக்கும் அவளுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு கிடையாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

அண்ணன் ஆறாவதை எடுக்கச் சொல்லிக் கைநீட்டினான். அவள் குறுக்கே கையை வைத்தாள்.

"உனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம்?" என்றான். "ஒரு போன் போட்டா நான் வந்து செஞ்சு தர மாட்டேனா?"

"நாலு ஓட்டைக்கு மூணு வாரம் போர்வையைக் கட்டிட்டு உக்கார என்னால முடியாதுண்ணே. இனிமே நானே போட்டுக்கறேன்."

மூன்றாவது மெஷினுக்குப் பில் போடச் சொன்னாள். அண்ணன் சண்டைக்கு வருவான் என்று பார்த்தாள். வரவில்லை. போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தபோது, அவன் ஏணிகள் சாத்தியிருந்த பக்கம் திரும்பி நின்று அண்ணியிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆமா, வாங்கிட்டா. அவளே போட்டுக்கறாளாம்... இல்ல, இனிமே ஞாயித்துக்கிழமை போக மாட்டேன். வேலைன்னா மட்டும் போயிட்டு வாங்கன்னு நீதானே சொன்னே? இனிமே அங்க எனக்கு என்ன வேலை இருக்கு?"

அவள் ஓசைப்படாமல் கடைக்குள்ளேயே திரும்பிப் போனாள். பிறகு செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு மறுபடி வந்தாள்.

அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டான்.

"நல்ல மெஷின்தான்" என்றான்.

தெருமுனை வந்ததும் அவள் நடையைத் தளர்த்தினாள்.

"அண்ணே, சமையலறைக் குழாய் ஒழுகுது."

"எப்பலேருந்து?"

"ரெண்டு நாளா. சொல்ல மறந்துட்டேன்."

அண்ணன் நின்றுவிட்டான். தொங்கிக் கிடந்த முகத்தில் வெளிச்சம் வந்தது. அதை மறைத்துக்கொண்டு, குரலில் கண்டிப்பை ஏற்றினான்.

"குழாய் வேலை லேசுப்பட்டது இல்ல. கழட்டணும், பாக்கணும், அதுக்கேத்த வாஷர் தேடணும். எப்படியும் நாலு ஞாயிறு ஆகும், இப்பவே சொல்லிட்டேன்."

"ஆகித் தொலையட்டும்" என்று சலித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சமையலறைக் குழாயைத் தளர்த்த ஸ்பேனரைப் போட்டுத் திருகித் திருகி அவளுக்கு உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். அந்தக் குழாய் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அண்ணியும் அவளும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அண்ணன் மாட்டிய குழாய் அது. அரை மணி நேரத்தில் மாட்டி, யாராலும் அசைக்க முடியாதபடி இறுக்கிவிட்டுப் போயிருந்தான்.