நடுவில் ஒரு சாண்

டாக்டரம்மா குண்டூசியால் குத்தினார். என் பெண்டாட்டி தனக்கொடி அசையவில்லை.

"குத்துனது தெரியுதாம்மா?"

"எங்க குத்துனீங்க?" என்றாள்.

போன மாசியில் அக்கி வந்த இடம் அது. வலது அக்குளுக்குக் கீழே, விலாவில். கொப்புளம் காய்ந்து உதிர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. எரியுது என்றாள். வேஷம் போடாதே என்றேன். அதோடு என்னிடம் சொல்வதை விட்டுவிட்டாள். மகள் இளவரசி ஃபோனில் கத்தியதால்தான் இன்றைக்கு ஆஸ்பத்திரி.

அவள் எரியுது என்றதற்கு நான் நினைத்த காரணம் வேறு. அக்கிக்கு மூன்று நாள் காவிமண் குழைத்துக் கொப்புளத்தின் மேல் எழுத வேண்டும். இரண்டு நாள் குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மூன்றாம் நாள் கரும்பு ஏற்ற லாரி வந்துவிட்டது. போகவில்லை.

அந்தக் கோபம் அவளுக்கு. வாயால் சொல்லவில்லை, மொபெட்டில் காட்டினாள். வண்டி வாங்கின நாளிலிருந்து என் தோளைப் பிடித்து முதுகோடு ஒட்டி வந்தவள், அக்கிக்குப் பிறகு ஒரு சாண் தள்ளி, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். எங்கள் ஊர் ஒதியம்பட்டே பார்த்தது. நான் கேட்கவில்லை. கேட்டால் மூன்றாம் நாளைச் சொல்வாள்.

டாக்டரம்மா ஊசியை வைத்துவிட்டுப் பஞ்சை எடுத்தார். அதே இடத்தில் பட்டும் படாமல் இழுத்தார்.

"அய்யோ, வுட்ருங்கம்மா!"

கட்டிலை விட்டே எழுந்துவிட்டாள். நாற்பத்தாறு வருஷமாகப் பார்க்கிற முகம். வேஷம் இல்லை.

அக்கி தோலில் இருந்த நரம்பைக் கெடுத்துவிட்டதாம். அதனால் குத்தினால் தெரியாது. கெட்ட நரம்பு சும்மாவும் கிடக்காது, துணி பட்டாலே நெருப்பாக எரியும் என்றார் டாக்டரம்மா. மாத்திரையில் மெதுவாகத்தான் குறையுமாம்.

"மூணாம் நாளு காவி எழுதாததாலயா?" என்று கேட்டுவிட்டேன்.

டாக்டரம்மா இல்லை என்று தலையாட்டினார். தனக்கொடி என்னை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாய்யா, அதையா இத்தினி நாளு மனசுல வெச்சினு இருந்த?"

டாக்டர் பேச்சை நான் லேசில் நம்புகிறவன் இல்லை. ஆனால் மோட்டார் கொட்டகையில் அறுந்து கிடந்த கம்பியைப் பார்த்திருக்கிறேன். அது விளக்கை எரிக்காது. தொட்டால் ஆளை எரிக்கும்.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பினேன். எப்போதும்போல் இடது பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். அவள் வலது விலா என் முதுகுப் பக்கம். நடுவில் ஒரு சாண்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எறங்கு. வலது பக்கமா காலப் போட்டு உக்காரு."

"ஊரு சிரிக்கும்யா."

"சிரிச்சுட்டுப் போவட்டும். ஏறுடி."

வில்லியனூர் கடைத்தெருவே பார்த்தது. டீக்கடையில் ஒருத்தன், "பெரியவரே, ஆயா திரும்பி உக்காந்துக்கினு வருது!" என்று கூவினான்.

வேகத்தடையில் வண்டி குலுங்கியது. என் தோளில் ஒரு கை விழுந்தது.

தடை தாண்டியும் அவள் கையை எடுக்கவில்லை.