தாலாட்டுக்கு ஒட்டிய படம்

ஒரு கம்ப்யூட்டருக்குள்ளே, பாட்டுகள் குடியிருந்த ஃபோல்டரில், சின்னத் தாலாட்டு ஒன்று இருந்தது. பக்கத்தில் இருந்த கச்சேரிப் பாட்டுகளெல்லாம் பெரிய பெரிய ஃபைல்கள். ஒவ்வொன்றின் முகப்பிலும் பளபளவென்று ஒரு படம். தாலாட்டின் முகப்பில் வெறும் சாம்பல் கட்டம்தான். அதைப் பார்க்கப் பார்க்கத் தாலாட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் ஃபைல்களை உருமாற்றித் தரும் கன்வெர்ட்டரிடம் போய், "அண்ணே, என்னையும் பெரிய ஃபைலா மாத்திடுங்க" என்றது.

"மாத்தறேன். ஆனா அன்னிக்கு போன்ல அடங்கணும்னு உன்னைச் சுருக்கினப்போ, பாடினவங்களோட வளையல் சத்தம் போயிடுச்சு. அது இனிமே வராது. உடம்புதான் பெருத்துப் போகும்" என்றது கன்வெர்ட்டர்.

"பெருத்தாப் போதும். படமும் ஒண்ணு ஒட்டுங்க. மேடை, விளக்கு, கூட்டம் எல்லாம் இருக்கணும்."

நினைத்ததைச் சாதித்துக்கொண்டுதான் தாலாட்டு திரும்பியது.

சாயங்காலம் வீட்டுக்காரி தமயந்தி, வீறிட்டு அழுத கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தாலாட்டை ஓடவிட்டாள். திரை நிறையப் படம் ஜொலித்தது. தாலாட்டு நெஞ்சை நிமிர்த்திப் பாடியது. இரண்டாவது அடியிலேயே அழுகை நின்றது. அடுத்த அடியில் குழந்தைக்குக் கண் சொக்கியது. பாட்டு முடிவதற்குள் தமயந்தியும் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

கச்சேரிப் பாட்டுகளில் எதற்கும் அந்தக் குழந்தை இதுவரை மசிந்ததில்லை.

தாலாட்டோ விறுவிறுவென்று மறுபடியும் கன்வெர்ட்டரிடம் போய் நின்றது.

"ரெண்டு பேருமே கண்ணை மூடிக்கிட்டாங்க அண்ணே. ஒருத்தர்கூடப் படத்தைப் பாக்கலை. இன்னும் பெரிசா ஒட்டுங்க!"