ஏழாவது முகம்

"கைய நீட்டும்மா. கலர் பாத்துக்கிடுதேன்."

நீட்டினாள்.

மேக்கப் அண்ணாச்சி அவள் முழங்கைக்குப் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு கறுப்பில் கொஞ்சம் பழுப்பைக் குழைத்தார். ஒத்துப் பார்த்தார். இன்னும் ஒரு விரல் கறுப்பு. மறுபடி ஒத்துப் பார்த்தார். திருப்தியாகி, அவளோடு ஆடவிருந்த ரோஸ்லின் கன்னத்தில் இழுத்துப் பூசினார்.

பிறகு மற்ற ஐந்து பேருக்கும்.

"ஒனக்கு ஒண்ணும் வேண்டாம். நீ அப்படியே நில்லு."

யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி மூன்றாம் ஆண்டு வரை எத்தனை மேடை ஏறியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவளுக்கு மட்டும் இரண்டு பூச்சு அதிகம். ரோஸ் பவுடர் கழுத்தோடு நின்றுவிடும், கை வேறு யாருடையதோ போலத் தொங்கும். கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று பாளையங்கோட்டையில் சொல்லாத வாய் இல்லை. அந்த வாய்களே பெண் பார்க்க அடுத்த தெருவுக்குப் போகும்.

இன்றுதான் அவள் முகத்தை விட்டுவைத்திருக்கிறார்கள்.

கல்லூரி விழாவுக்கான இந்த ஆட்டம் அவள் அமைத்தது.

ஆங்கில இலக்கிய வகுப்பில் கறுப்பின எழுத்து ஒரு பாடம். அதில் ஒரு பக்கம். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றி அடிமைகளாக விற்கப்பட்டவர்கள், சில ஊர்களில் மேளம் அடிக்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. மேளத்தில் சேதி போகும், கலகம் வரும் என்று முதலாளிகளுக்குப் பயம்.

மேளத்தைப் பிடுங்கினார்கள்.

அவர்கள் தொடையில் அடித்தார்கள். நெஞ்சில் அடித்தார்கள். ஒருவர் அடிக்க, கூட இருந்தவர்கள் பதில் அடித்தார்கள்.

அன்றைக்கு விடுதியில் அவள் சாப்பிடப் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தன் நெஞ்சில் அடித்துப் பார்த்தாள். இத்தனை வருஷம் மறைக்கச் சொன்ன உடம்பு. அதற்குள் இவ்வளவு சத்தம் இருந்தது.

மூன்று வாரம் ஆறு பேருக்கும் சொல்லிக்கொடுத்தாள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், வெறுங்கால். வேறெதுவும் வேண்டாம். முதல் அடி அவளுடையது. பதில் ஆறு பேருடையது.

இன்று மத்தியானம் துறைத்தலைவி சந்திரமதி மேடம் அண்ணாச்சியைக் கூட்டிவந்தார். கூடவே ஏழு வைக்கோல் பாவாடை. தெர்மாகோலில் வெட்டிய எலும்பு மாலைகள்.

மேடம், இது அது இல்லை என்றாள்.

"ஆப்பிரிக்கான்னா பாக்குறவங்களுக்குப் புரிய வேண்டாமா? இஷ்டமில்லன்னா சொல்லு, ஐட்டத்தையே தூக்கிருதேன்."

சொல்லவில்லை. மூன்று வாரம் வீணாகப் போகுமே என்று வாயை மூடிக்கொண்டாள். அதற்காகத் தன்மேலேயே கோபமாக இருந்தது.

மைக்கில் அடுத்தது அவர்கள் ஆட்டம் என்று அறிவித்தார்கள். மண்டபத்தில் கைத்தட்டல்.

மேடம் கடைசிப் பாவாடையை அவளிடம் நீட்டினார்.

அவள் ஆறு பேரையும் பார்த்தாள். ஆறு முகத்திலும் அவள் நிறம். ரோஸ்லின் கண்ணாடியைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள். திரும்பியவள் இவளைப் பார்த்ததும் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவள் பாவாடையை வாங்கவில்லை.

திரையை விலக்கி வெளியே வந்துவிட்டாள்.

வெளிச்சம் கண்ணில் குத்தியது. மூடிய திரைக்கு முன்னால், வெள்ளைச் சட்டையோடு, ஒற்றையாள். எதிரே ஆயிரம் பெண்கள். பின்வரிசையில் ஒரு விசில்.

பயமாக இருந்தது.

நெஞ்சில் இரண்டு அடி. தொடையில் ஒன்று. நிறுத்தினாள்.

பதில் இல்லை.

மறுபடி அடித்தாள். இரண்டு, ஒன்று.

திரைக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. முன்வரிசையில் யாரோ பக்கத்து ஆளிடம் குனிந்து என்னவோ கேட்டார்கள். சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி நடுவரைக்கும் வந்தது. பதில் வராவிட்டால் இது ஆட்டமே இல்லை. ஒரு பெண் மேடையில் நின்று தன்னைத்தானே அடித்துக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

ஓடிவிடலாம் போல இருந்தது.

மூன்றாம் முறை. இந்தத் தடவை பலமாக. நெஞ்சு எரிந்தது.

நின்றாள்.

திரைக்குப் பின்னால் மேடத்தின் குரல் உயர்ந்தது.

"ஏய், எங்கடி போறீங்க எல்லாரும்?"

தரையில் வெறுங்கால்கள் ஓடின.

பிறகு யாரோ முகம் கழுவுகிற குழாயைத் திறந்தார்கள்.