தொட்டில் முடிச்சு

மரக்காணம் உப்புப் பாத்தியில் உச்சிவெயில் கண்ணைக் கூசவைக்கிறது. பம்பு ஷெட் கூரையில் மாயவன் தொங்கவிட்ட டிரான்சிஸ்டரில் அகில இந்திய நாவல் போட்டியின் கடைசிச் சுற்று விவாதம் நடக்கிறது. வெளிநாட்டுக் கதையை விட்டுவிட்டு நம் மண்ணின் கதையைப் படியுங்கள் என்கிறார் ஒருவர். "நம்ம உப்பளத்துக் கதைதான் பர்ஸ்ட்டு வரும், பாரு" என்று மாயவன் காலையிலிருந்து எல்லாரிடமும் சொல்லிவிட்டான். அதை எழுதினவர் போன வருசம் அவன் வீட்டில் தங்கி, அவன் பெண்டாட்டி பொன்னி வைத்த மீன்குழம்பைப் பத்து நாள் ஒரு கை பார்த்தவர். அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர். அதை நம்பித்தான், பெற்ற தாயிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். வெளியே விடமாட்டேன் என்று தன் மகன் மேல் சத்தியம் செய்தார். இப்போது அவரே தன் நாவலிலிருந்து நிறுத்தி நிதானமாக வாசிக்கிறார். மூன்று பெண்ணுக்குப் பிறகு புருசனுக்குத் தெரியாமல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவள், கீழ்புத்துப்பட்டு கோயில் மரத்தில் அவன் ஆண்பிள்ளை வேண்டித் தொட்டில் கட்டும்போது கூடவே நின்று கும்பிடுகிறாள். பேரை மட்டும் மாற்றியிருக்கிறார். ஊரையும் மரத்தையும் மாற்றவில்லை. உப்பு வாருகிற பெண்கள் ஒவ்வொருத்தராகப் பலகையை நிறுத்துகிறார்கள். பொன்னி மட்டும் வாரி முடித்த இடத்தையே திரும்பத் திரும்ப வாருகிறாள். ரேடியோவில் கைதட்டல் ஓயவில்லை. மாயவன் பாத்திக்குள் இறங்கி அவளெதிரே வந்து நிற்கிறான்.

"நாலு வருசமா தொட்டில் கட்டுறோமே பொன்னி," என்கிறான். "ஒவ்வொரு முடிச்சும் நீதானே போட்ட?"